கந்தக பூமி – 23: கான் நகரில் விருதுநகர் வெயில்

தீப்பெட்டி லேபிள் அச்சடிக்க வந்த லித்தோ கல், காலண்டருக்கும் அங்கிருந்து சினிமா போஸ்டருக்கும் நகர்ந்த கதையோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பூஜை அறைகளுக்குப் போனார்கள். அதே அச்சுக்கூடங்களில் நட்சத்திரங்களின் முகங்களும் அச்சாயின. தமிழ்ப் படம் என்றில்லை, தெலுங்கு, மலையாளப் படங்களின் வால்போஸ்டர்களும் இங்கே மை காய்ந்து, கட்டுக்கட்டாக லாரி ஏறின.

இப்படி ஊருக்கெல்லாம் சினிமா முகம் அச்சடித்துக் கொடுத்த பகுதியின் முகம் திரைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. வந்தபோது அது பிரான்ஸ் வரைக்கும் போனது. அந்தப் பயணத்தையும், அதை ஒட்டி எனக்குள் நெடுநாளாக இருக்கும் ஓர் ஆசையையும் இந்த இதழில் எழுதுகிறேன்.

தெற்கத்திச் சீமைக்குச் சலனப்படம் வந்து சேர்ந்ததே ஒரு பிரெஞ்சுக்காரரின் கை வழியாகத்தான். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அவர்கள் படங்கள் ஓடின. தமிழ்நாட்டு ஊர்களுக்கு அந்தப் பொட்டியைக் கொண்டுவந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபாண் என்ற பிரெஞ்சுக்காரர் 1905-ல் திருச்சியில் நோய்வாய்ப்பட, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பின்னால் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. டூரிங் டாக்கீஸ் என்று நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்தக் கூடாரத்தின் வாரிசுகள்.

அதற்குப் பிறகு எண்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி 1990-க்கு வருகிறேன். பெங்களூரைச் சேர்ந்த சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை அந்த ஆண்டில் முடித்தார். எடுத்தவர் கன்னட தேசத்துக்காரர், படம் பேசியது தமிழ். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு செய்யும் பயராபீஸிலும் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றியது. விடியுமுன்னே கிராமத்துக்கு வரும் ஆபீஸ் பஸ், தூக்கம் கலையாமல் ஏறும் சிறுமிகள், சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல்கள், அடுக்கிய கணக்குக்குக் கூலி: இதையெல்லாம் முழுநீளப் படமாகப் பதிவு செய்தது அது. அதற்கு முன்பே, 1983-ல் ஸ்மிது கோத்தாரி இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலப் பொருளாதார வார இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை படித்தவர்கள் வட்டத்தை உலுக்கியிருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதே ஆண்டு வழக்கறிஞர் எம். சி. மேத்தா சிவகாசியைச் சுட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கட்டுரைக்கும் சட்டத்துக்கும் எட்டாத இடம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளின் முகம். அதைப் படம் காட்டியது. வெளிநாட்டு ஆவணப்பட விழாக்களில் பார்த்தவர்கள் கலங்கினார்கள்.

உள்ளூரில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. தொழிலைக் கெடுக்க வந்த படம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கோபத்தையும் நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். வானம் பார்த்த பூமி, கம்மாய் வறண்டு வேலிக்கருவை மண்டிய ஊர்கள், தீப்பெட்டியை விட்டால் அடுப்பு எரியாத வீடுகள். ஆனால் 1991 ஜூலையில் மீனம்பட்டியில் நடந்த வெடிவிபத்து 39 உயிர்களைக் கொண்டுபோனது. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. படம் காட்டியது பொய்யில்லை என்று காலம் சொல்லிவிட்டது. இன்று தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மா, மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள் என்றால் அதற்குப் பின்னால் பள்ளிக்கூடமும் சத்துணவும் வழக்கும் சங்கமும் இருக்கின்றன. அந்தப் படமும் தன் பங்குக்கு இருக்கிறது.

அந்த ஆவணப்படம் வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 2006 டிசம்பரில் ‘வெயில்’ வெளியானது.

வசந்தபாலன் விருதுநகர்க்காரர். ஷங்கரிடம் உதவி இயக்குநராக இருந்து, 2002-ல் ‘ஆல்பம்’ எடுத்தார், அது ஓடவில்லை. நாலு வருஷம் கழித்து ஷங்கரே தயாரிப்பாளராக நின்று ‘வெயில்’ எடுக்க வைத்தார். பசுபதி, பரத், பாவனா, ஸ்ரேயா ரெட்டி, பிரியங்கா நடித்தார்கள். ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் அப்பாவாக ஜி. எம். குமார். இசையமைப்பாளர் ஜி. வி. பிரகாஷுக்கு அதுதான் முதல் படம். பாட்டெல்லாம் நா. முத்துக்குமார்.

கதை எளிது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எம்ஜிஆர் படம் பார்க்கப் போன மூத்த மகன் முருகேசனை, அப்பா துணியில்லாமல் வெயிலில் கட்டிப்போடுகிறார். ஊர் பார்க்கிறது. அவமானம் தாங்காமல் வீட்டை விட்டு ஓடும் பையன், வேற்றூர்த் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டரிடம் ஒட்டிக்கொண்டு வளர்கிறான். அங்கே அவனுக்கு ஒரு காதல், அதன் கோர முடிவு, பிறகு தியேட்டரே இல்லாமல் போவது. இருபது வருஷம் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். தம்பி கதிர் அண்ணனைக் கட்டிக்கொள்கிறான், அப்பாவால் முடியவில்லை.

வெளியானபோது பலர் ‘சினிமா பாரடைசோ’வை நினைத்தார்கள். அந்த இத்தாலிய–பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு 1989 கான் விழாவில் ஜூரியின் பெரும் பரிசை வாங்கியது. அதிலும் ஒரு சிறுவன், ஒரு ஆபரேட்டர், ஒரு கிராமத்துத் தியேட்டர். ஆனால் சிசிலித் தீவின் அந்தச் சிறுவன் ரோமாபுரிக்குப் போய்ப் பேர் பெற்ற இயக்குநர் ஆகிறான். ஊருக்குத் திரும்பும்போது காரில் வருகிறான். முருகேசனுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. சினிமாவை நேசித்த கோடிக்கணக்கான பேரில் சினிமாவால் உருப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். மீதிப்பேர் புரொஜெக்டர் அறையின் சூட்டில் கார்பன் குச்சியைத் தள்ளிக்கொண்டு, ஒரு ரீல் தீரும் தறுவாயில் அடுத்த மெஷினை ஓட்டிக்கொண்டு, கடைசிக் காட்சி முடிந்ததும் டிக்கெட் கவுன்ட்டரில் படுத்துத் தூங்கியவர்கள். வசந்தபாலன் அவர்களில் ஒருவனைக் கதாநாயகன் ஆக்கினார். தோற்றவன் என்று ஊர் சொல்லும் ஒரு மனிதனை, பரிதாபம் பிச்சை கேட்க வைக்காமல், நேருக்கு நேர் நிறுத்தினார். தமிழ் சினிமாவில் அதற்கு முன் அப்படி ஒரு மூத்த மகன் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படத்தின் இன்னொரு பலம் அந்த வெளிச்சம். விருதுநகர் மத்தியான வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது பொன்னிறமாக எல்லாம் இருக்காது. வெளுத்துப்போய் இருக்கும், கண்ணைக் கூசவைக்கும். சுண்ணாம்புச் சுவரும் தகரக் கூரையும் அதைத் திருப்பி அடிக்கும். இதே வெயிலை நம்பித்தான் இங்கே மருந்து காய்கிறது, குச்சி காய்கிறது, போஸ்டர் மை காய்கிறது, மிளகாய் வற்றல் காய்கிறது. மழை குறைந்ததால் விவசாயம் போன ஊருக்கு, மழை குறைந்ததே தொழிலாக வந்த கதையை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். ஒளிப்பதிவாளர் மதி அந்த வெயிலை அழகுபடுத்தாமல் விட்டது படத்துக்குச் செய்த பெரிய நன்மை.

2007 மே மாதம், அறுபதாவது கான் திரைப்பட விழா. போட்டிப் பிரிவுக்கு வெளியே, ‘உலகத்தின் எல்லாச் சினிமாக்களும்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பிரிவை அவர்கள் 2005 முதல் நடத்தி வந்தார்கள். ஒவ்வொரு நாட்டையும் அழைத்து, அந்த நாட்டின் படங்களை வரிசையாகக் காட்டுவது வழக்கம். முதல் ஆண்டில் இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2007-ல் இந்தியாவின் முறை. சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டும்கூட. இந்தியப் படங்களின் அந்த வரிசையில் இந்தி ‘லகே ரஹோ முன்னாபாய்’, வங்காள ‘தோசர்’, மலையாள ‘சாய்ரா’ ஆகியவற்றோடு தமிழுக்காக ‘வெயில்’ இருந்தது.

அது பரிசு கொடுக்கும் பிரிவு அல்ல. கானின் முதற்பரிசான தங்கப்பனை எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் மத்தியதரைக்கடலோரத்து ஊர் ஒன்றில், விருதுநகர்த் தெருவில் ஓர் அப்பன் மகனைக் கட்டிப்போட்ட வெயிலை உட்கார்ந்து பார்த்தார்கள். டூபாணின் புரொஜெக்டர் கைமாறி 102 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட 54-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகவும் ‘வெயில்’ தேர்வானது.

இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி, பெல்ஜியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது.

பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் சிறுபான்மையினர். பக்கத்திலேயே பாரிஸ். பிரெஞ்சு மொழியில் நல்ல படம் எடுத்தால் உலகம் அதைப் பிரான்ஸ் நாட்டுப் படம் என்றே எண்ணிக்கொள்ளும். பிரான்ஸுக்கு 1976 முதல் செசார் விருது இருக்கிறது. கனடாவில் கியூபெக் மாகாணத்தார் 1999-ல் தங்களுக்கென்று விருது தொடங்கினார்கள். முதலில் ஜூத்ரா என்ற பெயரில், இப்போது ஐரிஸ் என்ற பெயரில். பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதி 2010-ல் என்சோர் விருதை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே, 2011 பிப்ரவரியில், பிரெஞ்சு பேசும் பகுதிக்காரர்கள் பிரஸ்ஸல்ஸ் நகரில் மக்ரித் விருதை வழங்கத் தொடங்கினார்கள். ஓவியர் ரெனே மக்ரித்தின் பெயர். விருதை நடத்தும் கழகத்துக்குத் திரைப்பட இயக்குநர் ஆந்த்ரே டெல்வோவின் பெயர். பிரெஞ்சு பேசும் மண்ணின் சினிமாவுக்கான அந்த விருதின் முதல் ஆண்டில் சிறந்த படமாகத் தேர்வான ஜாக்கோ வான் டோர்மேலின் ‘மிஸ்டர் நோபடி’ ஆங்கிலம் பேசிய படம். பாத்திரங்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்று பார்க்காமல், எடுத்தவர் நம் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கொடுத்தார்கள். அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

பெல்ஜியத்தைச் சொன்னால் தார்தேன் சகோதரர்களைச் சொல்லாமல் நகர முடியாது. லியேஜ் பக்கத்தில் செரேங் என்று ஓர் இரும்பாலை ஊர். ஆலைகள் மூடிக் கைவிடப்பட்ட ஊர். ஜான் பியேர், லூக் என்ற அந்த அண்ணன் தம்பி வாழ்க்கை முழுக்க அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்தே படம் எடுத்து வருகிறார்கள். வேலை தேடி அலையும் பெண்ணைப் பற்றிய ‘ரோசெட்டா’ 1999-ல் கானில் தங்கப்பனை வாங்கியது. அதே ஆண்டு பெல்ஜிய அரசு கொண்டுவந்த இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு ரோசெட்டா திட்டம் என்றே பேர் விழுந்தது. 2015 மக்ரித் விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது அவர்களுடைய ‘இரண்டு பகல், ஓர் இரவு’. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு ஆயிரம் யூரோ போனஸ் வேண்டுமா, சக தொழிலாளி ஒருத்தியின் வேலை நிலைக்க வேண்டுமா என்று ஓட்டுப் போடச் சொல்கிறது நிர்வாகம். வார இறுதிக்குள் அவள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, போனஸை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டும். தீபாவளி போனஸை நம்பிச் சீட்டுக் கட்டி, மகள் கம்மலை மீட்டு, பள்ளிக்கூடக் கடன் அடைக்கும் சிவகாசித் தொழிலாளி வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். விளக்கவுரை தேவைப்படாது.

ஒரு தொழில் வட்டாரத்தின் வாழ்க்கை நல்ல சினிமாவாக வெளியூர் விழாவில் இடம் பெறுவது ஒரு சிறப்பு. அதே படத்தைச் சொந்த மண்ணும் கூப்பிட்டு, இது எங்கள் கதை, எங்கள் கதையைச் சரியாகச் சொன்னாய் என்று ஒரு மேடையில் சொல்வது வேறு. செரேங்குக்கு இரண்டும் கிடைத்தன. விருதுநகர் வட்டாரத்துக்கு முதலாவது மட்டும் கிடைத்தது.

தமிழ் பேசும் படம் ஒன்று பிரெஞ்சு விருது மேடையில் நின்றதும் உண்டு. ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ 2015 மே மாதம் கானில் தங்கப்பனை வாங்கியது. ஈழப்போரில் எல்லாம் இழந்த மூன்று பேர், குடும்பம் போல் நடித்துப் பாரிஸ் புறநகருக்குப் போய்ச் சேரும் கதை. கதாநாயகன் அந்தோனிதாசன் யேசுதாசன், நமக்கு எழுத்தாளர் ஷோபாசக்தியாகத் தெரிந்தவர்; அல்லைப்பிட்டியில் பிறந்து, 1993 முதல் பிரான்சில் வாழ்பவர். கதாநாயகி காளீஸ்வரி சீனிவாசன் தமிழ்நாட்டு நாடக மேடையிலிருந்து போனவர். படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே பேசுகிறது. அடுத்த ஆண்டு செசார் விருதுகளுக்கு ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. சிறந்த நடிகருக்கான பட்டியலில் ஷோபாசக்தியின் பெயரும் இருந்தது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சிறந்த படமாகத் தேர்வான ‘ஃபாத்திமா’, பிரெஞ்சு சரியாகப் பேச வராத, வீட்டு வேலை செய்து மகள்களைப் படிக்கவைக்கும் ஒரு வட ஆப்பிரிக்கத் தாயின் கதை. தீபனுக்குக் கிடைக்காதது வருத்தம்தான். ஆனால் அந்தத் தாயும் நம் ஊர்க்காரி போலத்தான் இருக்கிறாள்.

பிரெஞ்சுக் காற்று இன்னும் வீசும் நம் பக்கத்து நிலம் ஒன்றில் வட்டார விருது ஒன்று நடந்துவருகிறது. புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் நடத்தும் இந்தியத் திரைப்பட விழா. செய்தித்துறையோடு நவதர்சன் திரைப்படக் கழகமும் 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து நடத்துகின்றன. அதில் சிறந்த தமிழ்ப் படத்துக்குத் தரப்படும் விருதின் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள் விருது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ அந்த விருதை வாங்கியது. தாமிரபரணிக் கரையின் சாதிக் கொடுமையைப் பேசிய படத்துக்குப் புதுச்சேரி மேடை கொடுத்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் யார்? 1867-ல் பழைய நெல்லைச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பாலகர்களை நடிகர்களாக வார்த்தவர். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து, 1922 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருக்குச் சமாதி இருக்கிறது. அவரைப் போன்ற ஒரு நாடக ஆசிரியரைத் தமிழ்த் திரையில் கொண்டுவந்த படம் 2014-ல் வந்த ‘காவியத் தலைவன்’. நாசர் நடித்த சிவதாஸ் சுவாமிகள் பாத்திரத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சாயலை யாரும் கண்டுகொள்ளலாம். இயக்கியவர் வசந்தபாலன். கரிசல் வழியே கூண்டுவண்டியில் போய்க் கூத்து நடத்திய கம்பெனிகளின் வாழ்க்கையை எடுக்க, கரிசலில் பிறந்த ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மாவட்டம், அதாவது 1985-ல் காமராஜர் மாவட்டமாகப் பிரிந்து வந்த நிலப்பகுதி, தனக்கென்று ஒரு திரைப்பட விருது வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய அரங்கம் வேண்டாம், நட்சத்திர இரவும் வேண்டாம். சிவகாசியிலோ விருதுநகரிலோ ஒரு கல்லூரி அரங்கம் போதும். உழைக்கும் ஊர்களைப் பற்றித் தமிழில் வந்த நல்ல கதைப்படம் ஒன்றுக்கும் ஆவணப்படம் ஒன்றுக்கும் பரிசு. பட்டாசையும் தீப்பெட்டியையும் பற்றி நம்மை வருத்தும் உண்மையைச் சொல்லும் படமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அத்தனை உயிர்கள் போன பிறகு, வருத்தும் உண்மையை ஒதுக்கிவைக்கிற உரிமை இந்த வட்டாரத்துக்கு இல்லை. ஊர் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்து ஓய்ந்தவர்களில் ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் மரியாதை. லித்தோ கல்லில் படம் எழுதிய கைகளில் ஒன்றுக்கு இன்னொரு மரியாதை. முதல் ஆண்டுத் திரையிடலில் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஓட வேண்டும், அந்தப் படத்தின் காலத்தில் பிள்ளைகளாக வேலை பார்த்து இன்று ஐம்பதைத் தொடும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளத் தயார்.

செலவு பெரிதில்லை. போஸ்டரை மட்டும் எங்கே அடிப்பது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் 1940-க்குத் திரும்புகிறோம்: வெடிபொருள் விதிகள் வந்த அந்த ஆண்டில், தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவே முதல் உரிமம் பெற்ற பயராபீஸ் எப்படி எழுந்தது, போர்க்காலத்து மருந்துத் தட்டுப்பாட்டை எப்படித் தாண்டியது என்று பார்ப்போம்.